கடைசி வரிசைக்கும் கேட்கிறதா?



நம்பிக்கை காது வழியாகவே வருகிறது என்பது புனித பவுலின் போதனை (உரோ 10:17). எஸ்ரா திருச்சட்டத்தை வாசித்தபோது எல்லாருக்கும் கேட்கும்படி மரமேடை மீது நின்றதை நெகேமியா நூல் 8-ஆம் அதிகாரம் சொல்கிறது. மக்கள் சிரமமின்றிக் கேட்க இக்காலக் கருவிகளைப் பயன்படுத்தும்படி உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையும் (எண் 311) கேட்டுக்கொள்கிறது.

ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாடு போன்ற ஒரு பகுதியின் சிற்றாலயத்தை எண்ணிப் பாருங்கள். தகரக் கூரை, வெறுஞ்சுவர், சிமெண்ட் தரை. ஒரு சொல்லின் எதிரொலி அடங்குமுன் அடுத்த சொல் வந்துவிடுகிறது. மலைப்பாதையில் நடந்து வந்த பாட்டிக்குச் சத்தம் கேட்கிறது, வாசகம் புரிவதில்லை. ஒலியைக் கூட்டினாலோ மைக் 'கீ' என்று கூவுகிறது. ஸ்பீக்கரின் ஒலி மீண்டும் மைக்கில் நுழைந்து, மீண்டும் பெரிதாகிச் சுற்றுவதே இதற்குக் காரணம்.

இந்தக் கூவலுக்கு இப்போது டிஜிட்டல் மருந்து உண்டு. 1960-இல் அமெரிக்காவில் விட்ரோ, ஹாஃப் என்ற இருவர் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஃபில்டருக்கு எளிய கணக்குமுறை ஒன்றைத் தந்தார்கள். ஸ்பீக்கருக்குப் போன ஒலியில் எவ்வளவு மைக்குக்குத் திரும்பும் என்று கருவி மதிப்பிட்டு, அதைக் கழித்துவிடுகிறது. மக்கள் எழுந்தாலும் அமர்ந்தாலும் ஒலி திரும்பும் வழி மாறும். அதற்கேற்பக் கணக்கும் நொடிதோறும் மாறும். காதுகேட்கும் கருவிகளிலும் இதே முறைதான்.

ஆனால் சுவரில் மோதி நேரே பாட்டியின் காதுக்குப் போகும் ஒலியை இந்தக் கருவி தடுக்காது. ஓர் இருக்கைக்காக ஒலியைத் திருத்தினால் இன்னோர் இருக்கையில் கெட்டுப்போகலாம். பெரும் நன்கொடை திரட்டிக் கருவி வாங்குமுன் இதைப் பங்குப் பேரவையினர் அறிவது நல்லது.

அறையை அறைதான் திருத்த வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல் சபைன் என்ற பேராசிரியரிடம், எதிரொலியால் பயன்படாமல் கிடந்த ஒரு விரிவுரை அறையை ஒப்படைத்தார்கள். அவர் நாற்காலி மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். நமக்கும் பின்சுவரில் கனத்த திரையும் தரையில் பாயும் ஓரளவு உதவும். ஒரே பெரிய ஸ்பீக்கரை அலற விடாமல், சிறியவற்றை மக்களுக்கு அருகே, குறைந்த ஒலியில் வைக்கலாம். வாசிப்பவர் மைக்குக்குள்ள தூரத்தைப் பாதியாக்கினால், அதை அடையும் குரலின் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இதற்குச் செலவே இல்லை!

சனிக்கிழமை வெற்று ஆலயத்தில் சரிபார்ப்பது போதாது. மக்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுபவை. ஞாயிறு திருப்பலியின்போதே ஒருவர் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டுச் சொல்லட்டும். காது சற்று மந்தமான பெரியவர் என்றால் இன்னும் நல்லது.