வீட்டில் வென்டிலேட்டரை விலக்குதல்

நாளுக்கு 6 மணி நேரத்துக்குக் குறையாமல், தொடர்ந்து 21 நாட்களோ அதற்கு மேலோ வென்டிலேட்டர் தேவைப்பட்டால் அதை நீண்டகாலச் செயற்கைச் சுவாசம் என மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். தண்டுவடத்தில் அடிபட்டவர்கள், கில்லன் பாரே நோய் தாக்கியவர்கள், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்கள், ஐ.சி.யூ.வில் வாரக்கணக்கில் படுத்துத் தசை வற்றியவர்கள் எனப் பலர் இதில் அடங்குவர். சென்னையிலோ வேலூரிலோ சிகிச்சை பெற்று, கழுத்தில் டிரக்கியாஸ்டமி குழாயோடும் சிறிய வென்டிலேட்டரோடும் திருத்தணிக்குத் திரும்பும் நோயாளிகளில் சிலருக்கு மெஷினின் துணையைப் படிப்படியாகக் குறைக்க முடியும். ஆனால் மருத்துவமனையில் சோதித்து மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகே வீட்டில் அதைத் தொடரலாம். குடும்பத்தார் தாமாகத் தொடங்கும் காரியமல்ல இது.

யாருக்கு முடியும்

மெஷின் தேவைப்பட்ட காரணம் குணமாகக்கூடியதா என்பதுதான் முதல் கேள்வி. கில்லன் பாரே நோயில் நரம்புகள் மாதக்கணக்கில் மெல்லத் தேறுகின்றன. அதனால் நம்பிக்கைக்கு இடமுண்டு. மூச்சுத் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் பகுதிகளிலிருந்து புறப்படுகிறது. அதற்கு மேலே தண்டுவடம் முழுதாக அறுபட்டவர்களுக்கு மெஷின் பெரும்பாலும் நிரந்தரம். ஏ.எல்.எஸ். போன்ற நரம்புச் சிதைவு நோய்களில் மெஷின் நேரம் நாளாக நாளாகக் கூடுமே தவிரக் குறையாது. டிஸ்சார்ஜ் ஆகும்போதே இதை மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கேட்கத் தயங்கினால் பிறகு மாதக்கணக்கில் வீண் எதிர்பார்ப்போடு காத்திருக்க நேரும்.

தசை ஏன் தளர்கிறது

மூச்சு வேலையின் பெரும்பங்கைச் செய்வது உதரவிதானம். மெஷினே முழு மூச்சையும் தள்ளும்போது அது சும்மா கிடந்து மெலிகிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், மூளைச்சாவு அடைந்து 18 முதல் 69 மணி நேரம் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் உதரவிதானத் தசையிழைகள் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தன. மூன்று நாட்களுக்குள்ளேயே இப்படி என்றால், மாதக்கணக்கில் மெஷினில் இருந்தவரின் தசை மீள எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை ஊகிக்கலாம். புரதம் போதாத கஞ்சி ஆகாரம் இந்த மீட்சியை இன்னும் தாமதப்படுத்தும்.

குறைக்கும் முறை

காய்ச்சல் இல்லாமல், நினைவு தெளிவாக, ஓரளவு இருமிச் சளியை வெளியேற்றும் பலத்தோடு நோயாளி இருக்க வேண்டும். அதன்பின் இரண்டு வழிகள். மெஷின் தரும் அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பது ஒன்று. மெஷினைக் கழற்றி, குழாய் வழியாக நோயாளியே மூச்சுவிடும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவது மற்றொன்று. அமெரிக்காவில் நீண்டகால நோயாளிகள் 316 பேரிடம் மார்ட்டின் டோபின் குழு நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. மெஷினைக் கழற்றிப் பழக்கியவர்கள் சராசரி நிலையில் 15 நாட்களிலும், அழுத்தம் குறைத்தவர்கள் 19 நாட்களிலும் விடுபட்டார்கள். அது முழுநேரக் கண்காணிப்புள்ள மருத்துவமனைக் கணக்கு. வீட்டில் அந்த வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

காலையில், சளியை உறிஞ்சி எடுத்தபின், தலைப்பக்கம் உயர்த்தி உட்காரவைத்துச் சில நிமிடங்கள் மட்டும் மெஷினைக் கழற்றித் தொடங்குவது வழக்கம். சாப்பிட்டவுடன் முயல்வது சரியல்ல. நேரத்தை எப்போது, எவ்வளவு கூட்டுவது என்பது மருத்துவர் எழுதித்தரும் அட்டவணைப்படி நடக்க வேண்டும். பகல் முழுதும் மெஷின் இல்லாமல் இருக்கப் பழகிய பிறகே இரவு. தூக்கத்தில் மூச்சின் உந்துதல் இயல்பாகவே குறைவதால் இரவுதான் கடைசியாகக் கைகூடும். தொடர்ந்து 7 நாட்கள் இரவும் பகலும் மெஷின் இன்றி இருந்தால் விடுபட்டதாகக் கொள்வர். இரவில் மட்டும் மெஷின் என்ற நிலையிலேயே பலர் நின்றுவிடுவதுண்டு. அதைத் தோல்வி என்று சொல்வது தவறு. பகலில் நாற்காலியில் உட்கார்ந்து பேச முடிவதே பெரிய மாற்றம்.

எப்போது நிறுத்த வேண்டும்

மூச்சு நிமிடத்துக்கு 35ஐத் தாண்டுதல், நாடி வேகமெடுத்தல், நெற்றியில் வியர்வை, கழுத்துத் தசைகள் விறைத்துத் தெரிதல் ஆகியவை களைப்பின் அடையாளங்கள். சட்டையை விலக்கி வயிற்றைப் பார்ப்பது முக்கியம். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலெழுவதற்குப் பதில் உள்வாங்கினால் உதரவிதானம் ஓய்ந்துவிட்டது; உடனே மெஷினை மாட்ட வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பக் கூடாது. ஆக்சிஜன் செலுத்திக்கொண்டிருந்தால், கரியமில வாயு உடலில் தேங்கினாலும் மீட்டரில் எண் நன்றாகவே இருக்கும். காலைத் தலைவலி, காரணமில்லாத தூக்கக் கலக்கம், குழப்பம் ஆகியவைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

நோயாளி பேசுவதற்காகக் குழாயில் பேச்சு வால்வு பொருத்தும்போது, குழாயைச் சுற்றியுள்ள கஃப் எனும் பலூனின் காற்றை முழுதாக இறக்கியாக வேண்டும். மறந்தால் உள்ளே போன காற்று வெளியேற வழியிராது. சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து.

திருத்தணியில் கூடுதல் கவனம்

கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி ஆண்டுதோறும் இடம்பெறுகிறது. மெஷினைக் கழற்றிய நேரத்தில் உலர்ந்த சூடான காற்று நேரே குழாய்க்குள் போனால் சளி இறுகிக் குழாயையே அடைத்துவிடும். செயற்கை மூக்கு எனப்படும் சிறு வடிகட்டியோ ஈரப்பதமூட்டியோ கட்டாயம் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் விசைத்தறி ஓடும் வீடுகள் நிறைய. பஞ்சுத் தூசு மெஷினின் வடிகட்டியில் படியும் என்பதால் தறி அறையை ஒட்டி நோயாளியைப் படுக்கவைக்கக் கூடாது. மின்தடைக்கு இன்வர்ட்டரும், அதுவும் கைவிட்டால் கையால் அழுத்தும் ஆம்பு பேக்கும் கட்டிலருகே இருக்க வேண்டும். அந்தப் பையை இயக்க வீட்டில் இருவராவது பழகியிருப்பது நல்லது.

ஆடிக் கிருத்திகை, டிசம்பர் 31 படித்திருவிழா நாட்களில் மலையடிவாரச் சாலைகள் நிரம்பி 108 ஆம்புலன்ஸ் வந்துசேரத் தாமதமாகலாம். அந்த நாட்களில் புதிதாக நேரத்தைக் கூட்டாமல் பழைய அளவிலேயே இருந்துவிடலாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சேவையும் வீட்டுக்கே வருகின்றன. பதிவுக்கு உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம்.

குழாயை எடுப்பது

மெஷின் போனதும் குழாயும் போய்விடாது. விழுங்கும் திறன், இருமல் பலம், குரல்வளைப் பாதை மூன்றையும் சோதித்து மருத்துவமனையில்தான் அதை எடுப்பார்கள். எடுத்தபின் துளை பெரும்பாலும் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் தானே மூடிக்கொள்ளும். மூடாத சிலருக்கு மட்டும் சிறு தையல் தேவைப்படும்.