கணினிக் கதவுக்கும் குடுமி வேண்டும்

புதுச்சேரி வைசியாள் வீதியில் ஒரு காலை வேளையில் நடந்து பாருங்கள். கீழே திண்ணையும் மரத்தூண் தாங்கும் தாழ்வாரமும் இருக்கும். நிமிர்ந்தால் மாடியில் பிரெஞ்சு பாணி வளைவு ஜன்னல்கள். இந்த வீடுகளைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாக அச்சு அசலாக வரைந்துவிடலாம். ஆனால் வரைந்ததோடு விட்டால், தட்டினால் கதவு திறக்காது. முற்றத்து வெயில் நகராது. அசைவும் மறுமொழியும் சேர்ந்தால்தான் அது வீடு.

தலைவாசல் கதவையே எடுத்துக்கொள்வோம். பழைய கதவுகளில் கீல் கிடையாது. மேலும் கீழும் நீண்டிருக்கும் குடுமி, குழிக்குள் உட்கார்ந்து சுழலும். கணினியிலும் முதல் பாடம் இதுதான்: பொருள் எந்த அச்சில் சுழல வேண்டும் என்று சொல்ல வேண்டும். அச்சு கதவின் நடுவில் இருந்தால் பாதிக் கதவு வீட்டுக்குள்ளும் பாதி தெருவிலுமாகத் திரும்பும். தச்சர் குடுமி வைத்த விளிம்புக்கே அச்சை நகர்த்த வேண்டும்.

அடுத்தது நேரம். மூடிய நிலை, திறந்த நிலை இரண்டையும் வரைபவர் குறித்துக் கொடுக்கிறார். இவற்றைக் கீஃப்ரேம் என்பார்கள். இடைப்பட்ட நிலைகளைக் கணினி நிரப்பும். வினாடிக்கு 24 படம் என்ற கணக்கில், ஒன்றரை வினாடியில் 90 டிகிரி திறக்கும் கதவு படத்துக்கு 2.5 டிகிரி நகரும். ஆனால் கனத்த மரக்கதவு அப்படிச் சீராகத் திறப்பதில்லை. முதலில் தயங்கும், பிறகு வேகமெடுக்கும், முடிவில் தணியும். அந்தத் தயக்கத்தையும் சேர்த்தால்தான் கதவின் கனம் கண்ணுக்குத் தெரியும்.

தாழ்ப்பாளும் வளையமும் கதவோடு சேர்ந்து நகர வேண்டும். கதவைத் தாயாகவும் இவற்றைப் பிள்ளைகளாகவும் இணைப்பது வழக்கம். மறந்தால் கதவு திறந்த பிறகு தாழ்ப்பாள் அந்தரத்தில் நிற்கும்.

தொட்டது கதவுதான் என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது? பார்வையாளரின் கண் இருக்கும் இடத்திலிருந்து, விரல் பட்ட புள்ளி வழியாக, மாதிரிக்குள் ஒரு கற்பனைக் கோடு ஓடுகிறது. அது முதலில் முட்டும் பொருளே தொடப்பட்ட பொருள். பிறகு ஒரு நிபந்தனை: தாழ்ப்பாள் விலகியிருந்தால் மட்டும் திற. திரையில் வரைந்ததைக் கையால் ஆட்டுவிக்கும் எண்ணம் புதிதல்ல. 1963இலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் என்ற ஆய்வு மாணவர் ஒளிப்பேனாவால் செய்து காட்டினார். 2008இல் வந்த ஸ்கெட்ச்அப் 7 என்ற முப்பரிமாண வரைவு மென்பொருள், சொடுக்கினால் அசையும் கதவுகளைக் கட்டிடக்கலை மாணவர்களின் கைக்கும் கொண்டுவந்தது.

முற்றத்து வெயில்

மாதிரிக்கு அசைவு கொடுப்பதன் உண்மையான பலன் முற்றத்தில் தெரியும். புதுச்சேரி ஏறத்தாழ 11.9 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. மாதிரியில் தேதியை நகர்த்தினால் சூரியனும் நகரும். முற்றத்தின் தெற்கு விளிம்பில் கூரை 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் 21 உச்சிவேளையில் அதன் நிழல் வடக்கே சுமார் 2.1 மீட்டர் நீளும். ஏப்ரல் 21 வாக்கில் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால் நிழலே இராது. ஜூன் 21இல் சூரியன் வடக்கே போய்விடும். எதிர் விளிம்பில் அதே உயரக் கூரையின் நிழல் தெற்கே சுமார் 60 சென்டிமீட்டர் விழும். எந்த மாதம் தாழ்வாரத்தில் எங்கே உட்காரலாம் என்பதை ஒரு பள்ளிப் பிள்ளைகூட விரலால் நகர்த்திப் புரிந்துகொள்ளலாம்.

இப்படிப் பதிவு செய்வதில் அவசரமும் உண்டு. கடற்கரைச் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மேரி என்ற நகரமன்றக் கட்டிடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். அது ஊரறிந்த கட்டிடம். வீதிக்குள் இருக்கும் சாதாரண வீடு விழுந்தால் மிஞ்சுவது சில புகைப்படங்கள்தான். கதவு உள்ளே திறந்ததா வெளியேயா, வெயில் எதுவரை வந்தது என்பதை ஒரே ஒரு புகைப்படம் சொல்லிவிடாது. அதனால், வீடுகள் நிற்கும்போதே அவற்றின் நீள அகலத்தோடு அசைவையும் பதிவு செய்ய வேண்டும். அளவெடுக்கப் போகிறவர்கள் நாடாவை விரிக்கும் முன், அந்த வீட்டுக் கதவை ஒருமுறை தங்கள் கையால் திறந்து மூடிப் பார்க்கட்டும்.