190 கோல் அடித்தும் சம்பளத்துக்கு போராடிய கேப்டன்!

சர்வதேச கால்பந்தில் அதிக கோல் அடித்தவர் யார்? உடனே ரொனால்டோ என்போம். அவரையும் மிஞ்சியவர் ஒரு பெண்! கனடா முன்னாள் கேப்டன் கிறிஸ்டின் சின்கிளேர். நாட்டுக்காக 331 ஆட்டம், 190 கோல்.

2000-ம் ஆண்டு, 16 வயதிலேயே தேசிய அணிக்கு வந்து விட்டார். 2011 உலக கோப்பையில் ஜெர்மனியுடன் மோதியபோது மூக்கு உடைந்தது. அம்மணி அசரவில்லை. திரும்பி வந்து பிரீகிக்கில் கோல் போட்டார்.

2012 லண்டன் ஒலிம்பிக் அரை இறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக 'ஹாட்ரிக்' அடித்தும் அணி 4-3 என தோற்றது. கிடைத்தது வெண்கலம்தான். 2020 ஜனவரியில் அமெரிக்க வீராங்கனை அப்பி வாம்பாக்கின் 184 கோல் சாதனையை முறியடித்தார். 2021-ல் டோக்கியோவில் தங்கமும் வந்தது.

இவ்வளவு செய்தும் பணத்துக்கு அல்லாட விட்டதுதான் கொடுமை. 2022-ல் ஆடியதற்கு சம்பளம் வரவில்லை என்று கூறி, 2023 பிப்ரவரியில் வீராங்கனைகள் ஸ்டிரைக்கில் குதித்தனர். வழக்கு போடுவோம் என்று கால்பந்து சங்கம் சொன்னதால் மைதானத்துக்கு திரும்பினர். ஆனாலும் விடவில்லை. மார்ச் மாதம் நாடாளுமன்ற குழு முன்பு சின்கிளேரும் சக வீராங்கனைகளும் நியாயம் கேட்டனர்.

அதே ஆண்டு டிசம்பர் 5-ந்தேதி வான்கூவரில் நாட்டுக்காக கடைசி ஆட்டம். அன்று மட்டும் ஸ்டேடியத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். பெயர் வைத்தது சரி, உழைத்த காசையும் கேட்காமலே கொடுத்திருக்கலாமே!