தட்டிப் பார்ப்பதா, குத்திப் பார்ப்பதா?

1877-இல் சிங்கப்பூருக்கு வந்திறங்கிய 22 பால்மரக் கன்றுகளில் ஒன்பது கோலா கங்சாருக்கு வந்தன. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றைத் தம் மாளிகைத் தோட்டத்தில் வளர்த்தார். அந்தக் காலத்து மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்னும் நிற்கிறது. பிறகு பேராக் முழுக்க ரப்பர் தோட்டங்கள் வந்தன. பால் வெட்ட நம்மவர்கள் வந்தார்கள். கூடவே கள்ளுக்கடை, பின்னால் மலிவுச் சம்சு. தோட்டத்தில் ஒருவருக்கு ஈரல் கெட்டுவிட்டது என்றால் குடிதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இன்றைக்கு அந்த முடிவு பாதிக் கதைகூட இல்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களிடையே 31.4. இனிப்புநீரும் தொப்பையும் சேர்ந்தால், கள்ளின் வாசம்கூட அறியாதவரின் ஈரலிலும் கொழுப்பு படியும். சிலருக்கு அது மெல்ல மெல்லத் தழும்பாக மாறும். வலி இருக்காது.

தழும்பு கூடக் கூட ஈரல் இறுகும். அந்த இறுக்கத்தை அளக்க மருத்துவர் பயன்படுத்தும் அலகும் ரப்பர் ஆராய்ச்சிக்காரரின் அலகும் ஒன்றே: பாஸ்கல். ரப்பருக்கு மெகாபாஸ்கல் கணக்கு, ஈரலுக்குக் கிலோபாஸ்கல்.

பாரிஸின் எகோசென்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஃபைப்ரோஸ்கேன் கருவி இந்த வேலையைச் செய்கிறது. அதன் அடிப்படையை லாரன்ட் சான்ட்ரின் குழுவினர் 2003-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நோயாளி மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும். விலா எலும்புகளுக்கு நடுவே கருவியின் முனையை வைத்துப் பொத்தானை அழுத்தினால் தோலில் ஒரு சுண்டல் விழும். 50 ஹெர்ட்ஸ் அதிர்வு அலை ஒன்று ஈரலுக்குள் ஓடும். மீயொலி அதைத் துரத்திக்கொண்டே வேகத்தைக் கணக்கெடுக்கும். இறுகிய ஈரலில் அலை விரைந்து போகும். வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்றால் இறுக்கம் 3 கிலோபாஸ்கல். 2 மீட்டர் என்றால் 12. வேகம் இரட்டித்தால் இறுக்கம் நான்கு மடங்கு என்கிற இந்த வர்க்கக் கணக்குதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. நல்ல ஈரல் 5-ஐ ஒட்டி நிற்கும். பத்து முறை சுண்டி, நடு மதிப்பை எடுத்துக்கொள்கிறார்கள். வெறும் வயிற்றோடு மூன்று மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும். சாப்பிட்டவுடன் ஈரலுக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் அளவு பொய்யாக ஏறிவிடும்.

ஈரலில் ஊசி குத்தித் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியின் வரலாறு இதைவிட நீளம். 1883-இல் ஜெர்மானியர் பால் எர்லிக் ஈரலில் ஊசி செலுத்தியதே இனிப்புநீர்க்காரர் ஈரலில் கிளைக்கோஜன் எவ்வளவு என்று பார்க்கத்தான். 1958-இல் இத்தாலியர் மெங்கினி ஒரே விநாடியில் ஊசி உள்ளே போய் வெளியே வரும் முறையைக் கொண்டுவந்தார். அதன் பிறகு பயாப்ஸி உலகெங்கும் பரவியது. தோலை மரக்கச் செய்து, மூச்சை வெளியே விட்டு அடக்கச் சொல்லி, குத்தி எடுப்பார்கள். பிறகு சில மணி நேரம் வலப்பக்கம் சாய்ந்து படுத்திருக்க வேண்டும். குத்தியது விலாவில், வலிப்பது சிலருக்கு வலது தோளில்: உதரவிதானத்தின் நரம்பும் தோளின் உணர்வும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதிக்குப் போய்ச் சேர்வதால் மூளை ஏமாந்துபோகிறது. ரத்தக்கசிவு அரிது, உயிரிழப்பு மிக மிக அரிது, பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவில் சொல்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது அந்த ஆபத்தைவிட, எடுக்கும் துணுக்கின் அளவு. ஈரலில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அது. ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 124 பேருக்கு ஈரலின் வலது, இடது மடல்கள் இரண்டிலிருந்தும் துணுக்கு எடுத்துப் பார்த்த ஆய்வு 2002-இல் வெளியானது. 41 பேருக்கு இரண்டு பக்கமும் தழும்பின் அளவு குறைந்தது ஒரு படி வேறுபட்டது. 18 பேருக்கு ஒரு பக்கம் சிரோசிஸ் என்கிற கடைசிப் படி, மறுபக்கம் அதற்கு முந்தைய படி. ஸ்கேன் பார்க்கும் பகுதியோ இத்துணுக்கைப்போல் நூறு மடங்கு. ஆக, ஸ்கேனும் ஊசியும் முரண்பட்டால் தவறு ஸ்கேனுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. ஸ்கேன் எவ்வளவு சரி என்று சோதித்ததே இந்த ஊசியைச் சாட்சி வைத்துத்தான் என்பது வேடிக்கை.

ஆனால் ஸ்கேனுக்குத் தெரிந்தது இறுக்கம் மட்டுமே. மஞ்சள் காமாலை முற்றிய நேரம், பித்தக்குழாய் அடைப்பு, இதயம் பலவீனமாகி ஈரலில் ரத்தம் தேங்குவது, இவையெல்லாம் தழும்பே இல்லாமலும் அளவை ஏற்றிவிடும். கடும் குடியும் அப்படியே. குடியை நிறுத்திய சில வாரங்களில் அளவு இறங்குவது உண்டு. குடிப்பவரை அவசரமாக ஸ்கேன் செய்து சிரோசிஸ் பட்டம் கட்டக்கூடாது. வயிற்றில் நீர் கோத்திருந்தால் அலையே போகாது. ஈரல் ஏன் கெட்டது என்ற கேள்விக்குப் பல நேரம் ஊசிதான் உதவும்: உடலின் எதிர்ப்பாற்றலே ஈரலைத் தாக்குகிறதா, இரும்போ செம்போ சேர்கிறதா, மருந்தோ கடையில் வாங்கிய மூலிகைப் பொடியோ வேலையைக் காட்டியதா என்பதை நுண்ணோக்கியின் கீழ் பார்க்கலாம்.

இந்த இரண்டுக்கும் முன்னால், கிளினிக்கிலேயே ஒரு கணக்குப் போட்டுவிடலாம். பெயர் ஃபிப்-4. ஒருவருக்கு வயது 55, ரத்தத்தில் ஈரல் நொதிகளான ஏஎஸ்டி 48, ஏஎல்டி 64, தட்டணுக்கள் 210 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். 55-ஐ 48-ஆல் பெருக்கினால் 2640. ஏஎல்டியின் வர்க்கமூலம் 8. அதை 210-ஆல் பெருக்கினால் 1680. வகுத்தால் 1.57. 1.3-க்குக் கீழ் இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு (65 வயதைத் தாண்டியவருக்கு அந்த எல்லை 2), 2.67-க்கு மேல் போனால் ஈரல் நிபுணரைப் பார்த்தே ஆகவேண்டும். இவர் நடுவில் நிற்கிறார். அடுத்தது ஸ்கேன்.

அதில் 6 கிலோபாஸ்கல் வந்தால் இனிப்பையும் எடையையும் கவனித்துக்கொண்டு சில வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தால் போதும், ஊசி வீண். 25 வந்தாலும் பெரும்பாலும் ஊசி வேண்டியதில்லை; சிரோசிஸ் என்றே எடுத்துக்கொண்டு, உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்று எண்டோஸ்கோப்பியில் பார்ப்பார்கள். 9 வந்து, கூடவே ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் நோயின் அடையாளம் தெரிந்தால், அல்லது கொழுப்பை வைத்து விளக்க முடியாத அளவுக்கு ஏஎல்டி ஏறியிருந்தால், அப்போது ஊசிக்குக் கையெழுத்துப் போடத் தயங்க வேண்டாம்.