போர் இனிக்கும், அறியாதவருக்கு

1500ஆம் ஆண்டு. இங்கிலாந்தை விட்டுக் கப்பலேற டோவர் துறைமுகத்துக்கு வந்த ஒரு பயணியிடமிருந்து, அவர் சேர்த்து வைத்திருந்த பணம் ஏறக்குறைய முழுவதையும் சுங்கத்தார் பறித்துக்கொண்டார்கள். பொன், வெள்ளிக் காசுகளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அன்றைய சட்டம். பணத்தைப் பறிகொடுத்தவர் ராட்டர்டாமில் பிறந்த அறிஞர் எராஸ்மஸ்.

வெறுங்கையோடு பாரிஸ் சேர்ந்தவர், பிழைப்புக்காக அவசரமாக ஒரு புத்தகம் போட்டார். பழைய லத்தீன், கிரேக்க நூல்களில் சிதறிக் கிடந்த 800 சொச்சம் பழமொழிகளும் அவற்றுக்குச் சிறு விளக்கங்களும் கொண்ட தொகுப்பு அது. இன்று ஆங்கிலத்தில் புழங்கும் லத்தீன் பழமொழிகளில் பலவும் அந்த வழியாக வந்தவைதான். 1539இல் ரிச்சர்ட் டேவர்னர் அதிலிருந்து ஒரு பகுதியை ஆங்கிலமாக்கினார்.

தொகுப்பு வளர்ந்துகொண்டே போனது. 1508இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுஷியஸ் வெளியிட்ட பதிப்பில் 3000ஐத் தாண்டியது. அச்சகத்திலேயே உட்கார்ந்து எராஸ்மஸ் எழுத எழுத, பக்கத்திலேயே எழுத்துக் கோத்தார்கள். அங்குள்ள அறிஞர்கள், அதுவரை அச்சேறாத சுவடிகளையும் அவருக்குக் கொடுத்து உதவினார்கள். அச்சகத்தின் சின்னம், நங்கூரத்தைச் சுற்றிய டால்ஃபின். ‘ஃபெஸ்டினா லென்ட்டே’, அதாவது ‘நிதானமாக விரைந்து செய்’ என்பதன் உருவம் அது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் விரும்பிச் சொன்ன வாசகம்.

ஆனால் இந்தத் தொகுப்பின் உயிர் ‘டுல்கே பெல்லும் இனெக்ஸ்பெர்டிஸ்’ என்ற பழமொழியில் இருக்கிறது என்பேன். போரில் அடிபடாதவருக்கே போர் இனிக்கும் என்று பொருள். 1506இல் போலோன்யா நகருக்குள் போப் இரண்டாம் ஜூலியஸ் வெற்றி வீரராக நுழைந்ததை எராஸ்மஸ் நேரில் பார்த்தவர். ஒரு மதகுரு படை நடத்திப் போவதை அவரால் பொறுக்க முடியவில்லை. 1515 பதிப்பில் இந்தப் பழமொழியின் விளக்கம் ஒரு நீண்ட போர் எதிர்ப்புக் கட்டுரையாகவே விரிந்துவிட்டது. விலங்குக்குக் கொம்பும் நகமும் உண்டு. மனிதனோ நிராயுதபாணியாக, அன்புக்கென்றே பிறக்கிறான். அவன் எப்படிக் கொலைகாரன் ஆனான்? சிலுவைக் கொடி பிடித்த இரு படைகள் ஒன்றையொன்று வெட்டிச் சாய்ப்பது எந்த மதத்தில் அடங்கும்? அரசர்களைப் பார்த்து இப்படிக் கேட்க அந்தக் காலத்தில் அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

1536இல் எராஸ்மஸ் இறந்தபோது தொகுப்பில் 4151 பழமொழிகள் இருந்தன. 1559இல் திருச்சபை அவருடைய நூல்கள் அனைத்தையும் தடை செய்தது. பிறகு 1575இல், ‘திருத்திய’ பதிப்பு ஒன்று அவர் பெயரே இல்லாமல் வந்தது. திருத்தியவர் ஆல்டஸின் மகன் பவுலுஸ். ஓர் ஆயுளின் உழைப்புக்கு இழைத்த அநியாயம் இது.

லத்தீன் பழமொழியும் அதற்கு ஒருவரிப் பொருளுமாகப் பட்டியல்கள் ஏராளம் கிடைக்கின்றன. அவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். டொராண்டோ பல்கலைக்கழகப் பதிப்பகம் எராஸ்மஸின் தொகுப்பு முழுவதையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்திருக்கிறது. போர் பற்றிய அந்தப் பழமொழியின் எண் 3001, அதிலிருந்தே தொடங்குங்கள்.