கதவுக் கண்ணாடி உடைந்துவிட்டதா? புதிதாகப் போடும் முன் இதைப் படிங்க!

ஜன்னல் திறந்திருக்கும். திடீரென ஒரு காற்று. பெட்ரூம் கதவு படாரென்று சாத்த, அதிலுள்ள கண்ணாடி விரிசல் விடும். ‘இப்போதைக்கு டேப் ஒட்டிடுவோம், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. ஆனால், ஓடிவரும் குழந்தை கையை ஊன்றித் தள்ளுவதும் அதே கண்ணாடியைத்தான்.

எந்தக் கண்ணாடி வாங்கலாம்?

சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்திபோல நீளத் துண்டுகளாகச் சிதறும். அதையே மறுபடி வாங்கிப் போட்டால், ஆபத்தும் கூடவே திரும்பி வரும். கடையில் ‘டஃபண்ட் கிளாஸ்’ என்று கேளுங்கள். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, வேகமாகக் குளிரவைத்துத் தயாரிப்பதால் இதற்கு வலு அதிகம். உடைந்தாலும் கூர்மை குறைந்த சிறு துணுக்குகளாகத்தான் உதிரும். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்கான தர எண் ஐஎஸ் 2553.

அளவு ஏன் முக்கியம்?

டஃபண்ட் கண்ணாடியைத் தயாரான பிறகு வெட்டவோ, துளையிடவோ முடியாது; முயன்றால் மொத்தமும் நொறுங்கிவிடும். எனவே, அளவைச் சரியாக எடுத்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும். கண்ணாடி உட்காரும் பள்ளத்தின் அகலத்தை மேல், நடு, கீழ் என 3 இடங்களில் அளந்து, அதில் சிறியதை எடுங்கள். உயரத்துக்கும் அப்படியே. இரண்டிலும் 3 மி.மீ. கழித்துவிடுங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதும்போது கண்ணாடியை நெருக்காமல் இருக்க இந்த இடைவெளி வேண்டும். பழைய கண்ணாடியின் தடிமனையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

எப்படி மாற்றுவது?

* தடித்த கையுறை, ஷூ, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கீழே பழைய பெட்ஷீட் விரித்து, உடைந்த கண்ணாடி மீது குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுங்கள்.

* கண்ணாடியைப் பிடித்திருக்கும் மரச்சட்டம்தான் பீடிங். அதன் ஓரத்தில் பிளேடால் கீறிவிட்டால் பெயின்ட் உரியாது. நீளமான பீடிங்கின் நடுவிலிருந்து மெல்ல நெம்புங்கள். எது எந்தப் பக்கம் என்று பென்சிலால் குறித்துவையுங்கள்.

* பள்ளத்தைச் சுத்தம் செய்து, மெல்லிய கோடாக சிலிக்கான் தடவி, புதிய கண்ணாடியை வையுங்கள். பீடிங்கைத் திரும்பப் பொருத்தி ஆணி அடிக்கும்போது, கண்ணாடிக்கும் சுத்தியலுக்கும் நடுவே ஓர் அட்டையைப் பிடியுங்கள். டஃபண்ட் கண்ணாடியின் ஓரத்தில் ஓர் அடி பட்டாலே போதும், நொறுங்கிவிடும்.

பெரிய கண்ணாடி என்றால் தனியாக முயல வேண்டாம், கார்பென்டரைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. உடைந்த துண்டுகளை அப்படியே குப்பைப் பையில் போடாதீர்கள். செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டி, ‘உடைந்த கண்ணாடி’ என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். காலையில் குப்பை எடுக்க வருபவரின் கையும் கைதானே!