கல்லில் யாருடைய பெயர்? பீமா கோரேகான் தூணை முன்வைத்து



கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் நடுகற்களுக்குப் பேர்போனவை. நம் ஏரிக்கரைகளிலும் வயல் ஓரங்களிலும் வாளும் வில்லும் ஏந்திய வீரர்கள் கல்லாய் நிற்கிறார்கள். எல்லை தாண்டினால் அதையே வீரகல்லு என்கிறார்கள். எழுத்துள்ள கற்களைப் படித்தால் ஒரு வாய்பாடு தெரியும். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தத் தொறுவை மீட்கப்போய்ப் பட்டான் என்று அவை சொல்லும். மன்னன் பெயர் முதலில் வந்தாலும் கல் செத்தவனுக்கு உரியது. போர்க்களத்து நினைவுக்கல் எதைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். கல்லை நட்டவர் யார்? அதில் பெயர் யாருடையது?

இந்தக் கேள்விகளோடு பீமா கோரேகானுக்குப் போவோம். புனே நகருக்கு வடகிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில், பீமா ஆற்றங்கரையில் உள்ள ஊர் அது. 1817 டிசம்பர் 31 இரவு, கேப்டன் ஸ்டான்டன் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிறுபடை ஒன்று சிரூரிலிருந்து புறப்பட்டது. பம்பாய்ச் சுதேசிக் காலாட்படை முதலாம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியனைச் சேர்ந்த சுமார் 500 சிப்பாய்கள், ஏறத்தாழ 300 குதிரைவீரர்கள், இரண்டு பீரங்கிகள். அந்தப் பீரங்கிகளை இயக்கியவர்கள் சென்னைப் பீரங்கிப் படையின் ஐரோப்பியர்கள். மறுநாள் காலை எதிரே இருந்தது பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படை. மொத்தம் சுமார் 28,000 பேர் என்பார்கள். அதில் ஊருக்குள் இறங்கிப் போரிட்டவர்கள் 2,000 பேர் அளவில். பகல் முழுவதும் சண்டை நடந்தது. கம்பெனியின் 834 பேரில் 275 பேர் இறந்தோ, காயமுற்றோ, காணாமலோ போனார்கள். இரவில் பேஷ்வா படை பின்வாங்கியது.

1821 மார்ச்சில் அங்கே தூணுக்கு அடிக்கல் நாட்டியது கம்பெனி. அதன் நோக்கம் தன் வெற்றியைப் பறைசாற்றுவதுதான். ஆனால் செத்த சிப்பாய்களின் பெயர்களையும் பொறித்தது. 49 பெயர்கள். அவற்றில் 22 பெயர்கள் ‘நாக்’ என்று முடிகின்றன. அது மகர்களின் பெயர் ஈறு. மராத்தா, ராஜபுத்திர, முஸ்லிம் பெயர்களும் கூடவே இருக்கின்றன.

பேஷ்வா ஆட்சியில் புனேயில் தீண்டத்தகாதார் தம் காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும், எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் மண்கலயமும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது என்று ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் அம்பேத்கர் எழுதுகிறார். தடமே பதியக்கூடாது என்று விதிக்கப்பட்டவர்களின் பெயர் கல்லில் பதிந்தது. கம்பெனி இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. பின்னாளில் அதே வெள்ளை அரசு, ‘போர்க்குல’க் கோட்பாட்டைச் சொல்லி 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. முதல் உலகப்போருக்கு ஆள் தேவைப்பட்டபோது 1917இல் மகர் பட்டாலியன் ஒன்றை அமைத்து, போர் முடிந்ததும் கலைத்தது.

அப்போதுதான் தூண் வேறு வேலை செய்யத் தொடங்கியது. படையில் மீண்டும் இடம் கேட்டு 1910இல் மனு அனுப்பிய சிவராம் ஜன்பா காம்ப்ளே, தூணருகே கூட்டங்கள் நடத்தினார். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே வந்தார். அதே ஆண்டு மார்ச்சில் மகாத் குளத்துப் போராட்டம். 1941இல் மகர் ரெஜிமெண்ட் உருவானபோது அதன் சின்னத்தில் கோரேகான் தூண் இடம்பெற்றது. கம்பெனி நட்ட கல்லை மக்கள் தம்முடையதாக்கிக்கொண்டார்கள்.

இதில் ஒரு விவாதம் உண்டு. 1818இல் நடந்தது சாதி எதிர்ப்புப் போர் அல்ல, கம்பெனி தன் ஆட்சியை விரிக்க நடத்திய போர்; சிப்பாய்கள் சம்பளத்துக்குப் போரிட்டார்கள் என்று ஆனந்த் டெல்டும்ப்டே எழுதினார். வரலாற்றுச் செய்தியாக அது சரி. ஆனால் 1818இல் சிப்பாய் என்ன நினைத்தான் என்பது ஒரு கேள்வி. 1927இல் அங்கே கூடியவர்கள் எதைத் தேடினார்கள் என்பது வேறு கேள்வி. சமூகவியலில் கூட்டு நினைவு என்று சொல்வது இரண்டாவதைத்தான். இரண்டையும் குழப்பாமல் வைத்துக்கொண்டால், கற்பனை வரலாறு எழுதாமலே தூணின் பெருமையைப் பேச முடியும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் இப்படி ஒரு கல் உண்டு. மாசசூசெட்ஸ் 54ஆம் ரெஜிமெண்ட் கறுப்பின வீரர்களின் காலாட்படை. வெள்ளையருக்கு மாதம் 13 டாலர்; இவர்களுக்கு 10, அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். சமச் சம்பளம் வரும்வரை எதுவும் வேண்டாம் என்று மறுத்துக்கொண்டே போரிட்டார்கள். 1863 ஜூலை 18 அன்று வாக்னர் கோட்டைத் தாக்குதலில் பலர் மடிந்தார்கள். 1897இல் பாஸ்டனில் திறந்த நினைவுச் சின்னத்தில் கறுப்பு வீரர்களின் உருவம் இருந்தது. பெயர் வெள்ளை அதிகாரிகளுடையது மட்டுமே. கறுப்பு வீரர்களின் பெயர்களைச் செதுக்க 1980கள் வரை ஆயிற்று.

பெயர் கேட்பதற்கு இன்றும் விலை உண்டு. போரின் 200ஆம் ஆண்டான 2018 ஜனவரி 1 அன்று கோரேகானுக்கு வந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். அதையொட்டிய வழக்கில் எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களுமாக 16 பேர் சிறைப்பட்டார்கள். தூணின் பெருமையைக் கேள்வி கேட்ட டெல்டும்ப்டேயும் அவர்களில் ஒருவர். திருச்சி மாவட்டத்தில் பிறந்து, பெங்களூரில் பணியாற்றி, ஜார்க்கண்டின் பழங்குடிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி இன்னொருவர். தாம் கோரேகானுக்குப் போனதே இல்லை என்று சொன்ன அவர், பிணை கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் இறந்தார்.

நம் எல்லையிலும் சாவு நடக்கிறது. 2023 அக்டோபர் 7 அன்று, ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை தீப்பிடித்தது. தீபாவளிக்கால வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள் பத்துக்கும் மேற்பட்டோர் கருகினார்கள். மாணவர்களும் அதில் உண்டு. செய்தியில் அவர்கள் எண்ணாகத்தான் நின்றார்கள். படைக்கு ஆள் எடுத்ததுபோலத்தான் ஆலைகளும் கடைகளும் ஆள் எடுக்கின்றன. தேவைப்படும்போது அழைத்து, தேவை முடிந்ததும் கலைத்துவிடுகின்றன.

மாணவ நண்பர்களிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் ஊர் நடுகல்லைப் படியெடுங்கள். அதே குறிப்பேட்டில், இந்தத் தொழிற்பேட்டைகளில் வேலையில் இறந்தவர்களின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். கல் பிறகு நடலாம், பட்டியல் முதலில் வேண்டும்.

ஜெய்பீம்.